சரிசரி அண்ணன் தேர்ந்தெடுத்த இசை

அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் சரிசரி அண்ணனைப் பற்றி ஒரே பேச்சுதான்: தங்கமான மனுஷன். யார் எவ்வளவு நேரம் புலம்பினாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வார். மேனேஜர் எகிறிக் குதித்தால் "சரி, சரி." மை ஊற்றுகிறவர் தன் மைத்துனன் ஏமாந்து வாங்கிய பழைய காரின் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாலும் "சரி, சரி." வீட்டில் அண்ணி வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த குறைகளை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இறக்கி வைத்தாலும் "சரி, சரி." அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று யாரும் நின்று யோசித்ததில்லை. யோசித்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். அண்ணனுக்குக் காது கேட்காது.

ஒன்றுமே கேட்காது என்று நினைத்துவிட வேண்டாம். லாரி போவது கேட்கும், கதவு அறைந்து சாத்துவது கேட்கும், ஆண்களின் தடித்த குரலும் ஓரளவு கேட்கும். மெல்லிய சத்தமும் கீச்சென்ற சத்தமும்தான் போயே போய்விட்டன. குக்கர் விசில் போனது, அழைப்பு மணி போனது, குழந்தைகளின் சிரிப்பு போனது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி பிடித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல், ஒரு "சரி, சரி."

இந்தக் காதைத் தின்றது அவர் வாழ்நாளெல்லாம் ஓட்டிய அச்சு இயந்திரம். ஒரு பக்கம் உருளை உருளையாகக் காகிதத்தை விழுங்கி மறுபக்கம் மடித்துத் தள்ளும் அந்த ராட்சசன் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகத்தைக் குறை. இரண்டு விரலைக் கத்தரிபோல் விரித்து மூடினால் காகிதம் அறுந்தது. முஷ்டியை மடக்கி மெதுவாகச் சுழற்றினால் "ஓடுது" என்று அர்த்தம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கவலைப்படாதே, உன் வேலையைப் பார். அண்ணன் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துக் காதில் அடைத்துக்கொள்ள எல்லோருக்கும் ஏதோ மெத்தென்று கொடுத்தார்கள். அதை அடைத்துக்கொண்டால் மெஷினுக்கு என்ன நோவு என்று தெரியாது எனச் சொல்லி அண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒருமுறை அச்சகத்தில் எல்லோருக்கும் காது பரிசோதனை வைத்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நர்ஸ் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவர் தோள் லேசாக இறங்கியது. அண்ணன் அந்தத் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று நர்ஸ் அசந்துபோய்ப் பாராட்டினார். அண்ணன் "சரி, சரி" என்று எழுந்து வந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மகள் தன் கல்யாணத்துக்கு இசை தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் உட்கார்ந்து வேலைகளைப் பங்கு போட்டார்கள். சாப்பாடும் துணிமணியும் அண்ணிக்கு. மண்டபமும் நாற்காலிகளும் அண்ணியின் தம்பிக்கு. மகள் அண்ணனுக்கு நேரே திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பா, வாசல்ல இருந்து மேடை வரைக்கும் நீங்கதான் என்னைக் கூட்டிட்டு வரப்போறீங்க. அப்போ ஒரு வாசிப்பு இருக்கணும். சினிமாப் பாட்டு வேணாம். அவங்க வீட்டுல எல்லாரும் சாஸ்திரிய சங்கீதம் கேக்கறவங்க. நல்ல அர்த்தமுள்ளதா, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நானா?" என்றார் அண்ணன். இந்த ஒரு தடவை சரி சரி வரவில்லை.

"நீங்கதான். இந்த வீட்டுல எதையாவது உங்களைக் கேட்டு முடிவு பண்ணியிருக்கோமா? இது உங்களோடது."

அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், கல்யாணம் முடிந்ததும் மகள் மாப்பிள்ளையோடு வேறு ஊருக்குப் போகிறாள். அப்புறம் அவருக்கு மிஞ்சப்போவது போனில் வரும் அவள் குரல் மட்டும்தான். அந்தக் குரல் போனில் அவருக்கு இப்போதே பாதிதான் வருகிறது. இது தெரிந்தால் அவள் போன் செய்வதைக் குறைத்துக்கொள்வாள், அம்மாவிடம் பேசிவிட்டு "அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்று வைத்துவிடுவாள். அந்த நாளை நினைத்தாலே அண்ணனுக்குப் பயமாக இருந்தது. எப்படியாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மானம் போகாமல், மேடைவரை நடந்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார்.

வாசிக்கப்போகிறவர் ஒரு புல்லாங்குழல் டீச்சர். மருந்துக் கடைக்கு மேல் மாடியில், செருப்புகள் இறைந்து கிடக்கும் ஒரு சின்ன வீட்டில் பாடம் எடுக்கிறவர். கூட மிருதங்கம் வாசிப்பது அவர் தம்பி. அண்ணனின் கெட்ட நேரம், டீச்சருக்குப் பூப்போல மென்மையான குரல். அது போதாதென்று பேசும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் பழக்கம் வேறு. அவர் எதையோ நீளமாக விளக்கினார். அண்ணன் முக்கியமான இடங்களென்று தோன்றிய இடங்களில் தலையாட்டினார். கடைசியில் டீச்சர் திரும்பி, "நாலு அனுப்பறேன் சார். கேட்டுட்டு எது மனசுல நிக்குதோ அதைச் சொல்லுங்க," என்றது மட்டும் உருப்படியாகப் புரிந்தது.

நாலும் போனுக்கு வந்து சேர்ந்தன. அண்ணன் மகளுடைய பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முதலாவதில் டொம் டொம் என்று ஏதோ அவசரமாக ஓடியது. இரண்டாவதிலும் டொம் டொம். மூன்றாவது ஓடவே இல்லை என்று தாண்டிவிட்டார். நாலாவதில் டொம் டொம், நடுவில் யாரோ தடுக்கி விழுந்ததுபோல ஒரு தடதடப்பு. இதையா மனுஷர்கள் கண்ணில் தண்ணீர் வரக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழல் வாசிக்கிறவருக்குக் கூலியே கொடுக்க வேண்டாம் போலிருந்தது.

சரி, பிறர் காதைக் கடன் வாங்குவோம் என்று கிளம்பினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மை ஊற்றுகிறவரிடம் ஹெட்போனைக் கொடுத்தார்.

"முதலாவது எப்படிடா இருக்கு?"

"மனசு என்னவோ பண்ணுதுண்ணே. எதையோ தொலைச்சிட்டுத் தேடற மாதிரி."

"ரெண்டாவது?"

"இது பரவாயில்ல. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல காத்திருக்கற மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அதே முதலாவதைப் போட்டுக் காட்டினார். அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எவ்வளவு சந்தோஷமா இருக்குங்க! குழந்தை ஓடி வர்ற மாதிரி." இரண்டாவதைக் கேட்டு, "தூக்கம் வருது," என்றாள். அண்ணன் திருதிருவென்று விழித்தார். ஒரே சாமான், ஒருவனுக்குத் தொலைத்தது, ஒருத்திக்கு ஓடி வருவது. வார்த்தை ஒன்றும் இல்லை, கதை ஒன்றும் இல்லை. அர்த்தம் அதற்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அச்சில் ஒரு எழுத்து மாறினால் ஆயிரம் பேர் போன் செய்து திட்டுகிறார்கள். இங்கே ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள், யாரும் யாரையும் திட்டக்கூட இல்லை.

எல்லோரையும் கேட்டதில் குழப்பம் ஒன்றுக்குப் பத்தானதுதான் மிச்சம். கடைசியில் அண்ணன் தன் காதையே நம்புவது என்று உட்கார்ந்தார். அப்போதுதான் மூன்றாவது அவரைப் பிடித்து நிறுத்தியது. அதில் முதலில் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. வெறும் அமைதி. எதிரே பரந்து கிடக்கும் அமைதி. அப்புறம், அவசரமே இல்லாமல், ஒரு டொம். இடைவெளி விட்டு இன்னொரு டொம். காலையில் முதல் உருளையை மாட்டி, மெஷினை மெல்ல உருட்டி, காகிதம் சுருக்கமில்லாமல் இழுபடுகிறதா என்று பார்ப்பார்களே, அந்த வேகம். அண்ணனுக்கு ஒரு நாளிலேயே மிகவும் பிடித்த நேரம் அதுதான். அந்த வேகத்தில் மகளின் கையைப் பிடித்து நடப்பதை நினைத்துப் பார்த்தார். கால் தானாகத் தாளம் போட்டது. ஒரு சுமை இறங்கியது.

"மூணாவது," என்று டீச்சருக்கு நேரில் போய்ச் சொன்னார்.

டீச்சர் இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவரையே பார்த்தார். "நிஜமாவா சார்? அதைத் தெரியாம சேர்த்து அனுப்பிட்டேனோன்னு நினைச்சேன். பொண்ணு உள்ளே வரும்போது அதை யாரும் கேட்டதில்ல."

"அதான் வேணும்," என்றார் அண்ணன், தெம்பாக.

சம்பந்தி வீட்டுக்கும் போய் வந்தார். சம்பந்தி வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், சங்கீதத்தில் புலி என்று அவரே சொல்லிக்கொள்வார். இடி இடித்தாற்போல் பேசுகிறவர் என்பதால் அண்ணனுக்கு அவரை மிகவும் பிடிக்கும். சம்பந்தி மூன்றாவதைக் கேட்டு முடித்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை ஏன் எடுத்தீங்க சம்பந்தி?"

"அந்த ஆரம்பத்துல ஒரு அமைதி வருதே," என்றார் அண்ணன். "அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு."

சம்பந்தி விழித்தார். மறுபடி ஆரம்பத்தைக் கேட்டார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கும் கிடையாது. "ஆமாமா," என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். "அந்த அமைதி! எல்லாருக்கும் கேட்டுடாது சம்பந்தி அது. நீங்க ரொம்ப ஆழமா போறீங்க." அதன்பிறகு தன் உறவுக்காரர்களிடமெல்லாம் அந்த அமைதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் நிலைமை அப்படி இல்லை. அண்ணி மூன்றாவதைக் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என்னங்க இது, கல்யாணத்துல போய்!" மகள் ஹெட்போனைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிப்பா," என்றாள். சுருக்கமில்லாமல் ஓடும் ஒரு டொம் டொம்மில் அழ என்ன இருக்கிறது என்று அண்ணனுக்குச் சத்தியமாகப் புரியவில்லை. தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. என்ன தப்பு என்று யாரிடம் கேட்பது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் மண்டபத்தில் ஒத்திகை. நாற்காலிகள் இன்னும் அடுக்கி வைத்தபடி இருந்தன. அண்ணி முன்வரிசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேடை ஓரத்தில் டீச்சரும் தம்பியும். கதவருகில் அண்ணனும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார், அந்த நர்ஸின் தோள் சொல்லிக்கொடுத்த திட்டம். மிருதங்கக்காரரின் கையைப் பார்ப்பது, கை விழுந்ததும் காலை எடுத்து வைப்பது.

மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். டீச்சர் குழலை உதட்டில் வைத்து விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏதோ சரிபார்க்கிறார் போல, என்று அண்ணன் காத்திருந்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் சரிபார்த்தார். அண்ணி நாற்காலியில் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் மகளிடம் கேட்டார்:

"எப்போ ஆரம்பிப்பாங்க?"

டீச்சரின் விரல்கள் நின்றன. மிருதங்கக்காரர் குனிந்து மடியைப் பார்த்தார். அண்ணி எழுந்தே விட்டாள். "என்னங்க! எவ்வளவு நேரமா வாசிக்கறாங்க..."

"நான்தான் நிக்கச் சொன்னேன்மா," என்றாள் மகள் சட்டென்று. "செருப்பு கடிக்குது." அப்பாவின் கையைப் பிடித்து வெளியே படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படியில் அவள் அவருக்கு நேரே, ஒரு படி கீழே உட்கார்ந்தாள். முகம் தெரியும்படி. அந்த ஒரு காரியத்திலேயே அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம்.

"அப்பா. உங்களுக்கு என்ன கேக்குது?"

அண்ணன் சரி சரி என்று சொல்லிப் பார்த்தார். அது செல்லவில்லை.

"டொம் டொம்னு ஒண்ணு. அது மட்டும்."

"குழல்?"

"குழல் எங்க வருது அதுல?"

மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அந்த டொம் டொம்முக்கு மேல முழுக்கக் குழல்தான்பா. விட்டுப் போறவங்களை நினைச்சு வாசிக்கறது அது. கேட்டா கல்லும் அழும். நீங்க அதை எடுத்ததும், நான் போறதை உங்களால தாங்க முடியல, வாயால சொல்லத் தெரியாம இப்படிச் சொல்றீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாளா நான் சரியா தூங்கல."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மகளை அழவைக்கும் பாட்டையா தேடிப் பிடித்து வந்தோம்! "மாத்திடலாம்மா. முதலாவதை வைக்கச் சொல்லிடலாம். உங்கம்மாவுக்குக்கூட அது பிடிச்சிருந்துச்சு. எனக்கு என்ன தெரியும், அது சீரா இருந்துச்சு, உன்கூட நடக்க நல்லா இருக்கும்னு பாத்தேன், அவ்வளவுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா? காது?"

"உங்கம்மா சண்டையை நேரா நின்னுதான் போடுவா. அதனால இதுவரைக்கும் பிரச்னை வரல."

இப்போது அவள் சிரித்தது நிச்சயமாகத் தெரிந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "போன்ல உன் குரல் பாதிதான் வருதும்மா. நீ போயிட்டா அதுவும் இல்லாம போயிடுமோன்னு பயந்துட்டேன். அதான் சொல்லல."

சின்ன வயதில் சாப்பாட்டு டப்பாவோடு அச்சகத்துக்கு வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மகள் பழகிக்கொண்ட பாஷை ஒன்று உண்டு. அம்மா திட்டும்போது அப்பாவும் மகளும் மேசைக்குக் கீழே அதில்தான் பேசிக்கொள்வார்கள். பெரியவளானதும் மறந்திருப்பாள் என்று அண்ணன் நினைத்திருந்தார். அவள் முஷ்டியை மடக்கி மெதுவாகச் சுழற்றினாள். ஓடுது.

"முகம் பாத்துப் பேசற போனெல்லாம் வந்து எவ்வளவு நாளாச்சு," என்றாள் எழுந்துகொண்டே. "மூணாவதே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். நீங்க நடந்தா போதும்."

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. அண்ணன் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டு கதவருகில் நின்றார். மகள் என்ன பார்த்துக்கொண்டாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை பேரும் அழப்போகிறார்கள், நான் மட்டும் சிரித்த முகமாக நடந்து போய் நிற்கப்போகிறேன் என்று அவருக்கு ஒரே உதறல். கதவு திறந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

மிருதங்கக்காரரின் கை விழுந்தது. டொம்.

ஆரம்பத்து அமைதியைக் காணோம். நேராக டொம் வந்துவிட்டது. இடைவெளி விட்டு இன்னொன்று. அண்ணன் குழம்பிப்போய் டீச்சரைத் தேடினார். டீச்சர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். குழல் அவர் மடியில் துணிமேல் கிடந்தது.

அண்ணன் குழலைப் பார்த்தார், டீச்சரின் கைகளைப் பார்த்தார், மறுபடி குழலைப் பார்த்தார். கொஞ்சம் நேரம் பிடித்தது. வேறொன்றும் ஒலிக்கவில்லை. அந்த மண்டபத்தில் அவருக்குக் கேட்டதைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒரு கூட்டத்துக்கு நடுவில், எல்லோருக்கும் கேட்டதெல்லாம் அவருக்கும் கேட்டது. கண் நிறைந்து மேடை கலங்கித் தெரிந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

முன்வரிசையில் சம்பந்தி நெளிந்துகொண்டிருந்தார். அமைதி அமைதி என்று அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்த மனிதர். இப்போது பக்கத்தில் இருந்தவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அண்ணன் அந்த உதடுகளைத் தெளிவாகப் படித்தார்.

"எப்போ ஆரம்பிப்பாங்க?"

அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகளைப் பார்த்தார். அவளும் பார்த்திருந்தாள். இடுப்புக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், அவள் முஷ்டி மெதுவாகச் சுழன்றது.

"சரி, சரி," என்று அண்ணன் முதல் அடியை எடுத்து வைத்தார்.